மீசை வைத்த ஏ/பி

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அழிக்கச் சொன்ன ஒரு புரோகிராமை நான் அழிக்காமல் வைத்திருந்ததற்கு அறிவு காரணம், தொலைநோக்கு காரணம் என்று பிற்பாடு பலர் புகழ்ந்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. கோபம்தான் காரணம். "அழி" என்று ஒருவர் அதட்டினால் உடனே அழிக்கிற பிறவி இல்லை நான்.

மலேசியாவில், மலாக்காவை அடுத்த புக்கிட் ரம்பாயில் வானொலிப் பெட்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலை அது. அதன் கம்ப்யூட்டர் அறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே நான் ஒருத்திதான் பெண். அறையின் நடுவே இருந்த மெஷின், குளிர்பதனப் பெட்டி ஒன்றைக் கீழே படுக்கப் போட்டது போல இருக்கும். ஒரு மாடியையே அடைத்துக்கொள்ளும் ராட்சத கம்ப்யூட்டரும் இல்லை, மேசைமேல் வைக்கிற சின்னதும் இல்லை. நடுத்தரம். மிட்ரேஞ்ச் என்பார்கள். எங்கள் குடும்பத்தைப் போலத்தான் என்று நான் சொல்வேன். பெரிய இடமும் இல்லை, சோற்றுக்கு இல்லாதவர்களும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மினுங்கும். காலையில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பொங்கும். சம்பளம் தராவிட்டாலும் வந்திருப்பேன் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீடு என்றால் அக்காவின் வீடு. காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். அத்தான் லாரி ஓட்டுகிறவர். அக்கா நாடு சுதந்திரம் அடைந்த வருடத்தில் பிறந்தவள். அதனால் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அவளுக்கு 'மெர்டேக்கா பிள்ளை' என்றே பட்டப்பெயர். நாடு முப்பது வயதைத் தாண்டிய பிறகும் மெர்டேக்கா பிள்ளைக்கு ஒரு பிள்ளை இல்லை. மூன்று முறை உண்டாகி மூன்று முறையும் தங்கவில்லை. நாலாவது முறை, நான் சொல்கிற அந்த ஆகஸ்டில், நிறைமாதம். அவளுடைய ரத்தமும் அரிய வகை, ஓ நெகட்டிவ். பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டால் லேசில் கிடைக்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். எனக்கும் அந்த வகை இல்லை, அத்தானுக்கும் இல்லை. அக்காவும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

ஆனால் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. தொட்டில் வாங்கக் கூடாது, துணி தைக்கக் கூடாது, பெயர் யோசிக்கவே கூடாது. ஒருநாள் விளையாட்டாக நான் ஒரு பெயர் சொன்னதற்கு அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"பேரு கீருன்னு ஆரம்பிச்சே, வாயில சூடு வெச்சிருவேன்!"

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் எங்கள் தொழிற்சாலையின் மிஸ்ஸி இருந்தார். மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். அவர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர்களான செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா, வாயில் மலாய். "சாமி", "அம்மா", "அக்கா" என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்ச் சொற்கள் வந்து விழும். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் முதல் வேலையாக வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, காக்கி பெங்காக்?" என்று கேட்பார். கால் வீங்கியிருக்கிறதா என்று அர்த்தம். வீங்கியிருந்தால் அக்கா அன்றைக்குச் சமைக்கக் கூடாது. குழம்பு வேலி தாண்டி வந்துவிடும்.

இனி எங்கள் போஸ். கம்ப்யூட்டர் அறையின் தலைவர், ஈப்போக்காரர், தமிழர். கெட்டிக்காரர்தான், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். மெஷினிடம் யாருக்கு என்ன கேட்க வேண்டுமானாலும் அவரிடம்தான் வர வேண்டும். 'மூன்றாம் பிரிவில் இருப்பவர்கள் யார் யார்?' என்று ஒருவர் கேட்டால், 'மூன்றாம் பிரிவு' என்பதை உள்ளேயே எழுதி ஒரு கேள்வி செய்து தருவார். நாளைக்கு நாலாம் பிரிவு வேண்டுமென்றால் மறுபடியும் வர வேண்டும், மறுபடியும் எழுத வேண்டும், மறுபடியும் வரிசையில் காத்திருக்க வேண்டும். இப்படி அவர் செய்து வைத்த கேள்விகள் மெஷினின் வயிறு முழுக்கக் கிடந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம் இருக்கும்.

எனக்கு இது பொறுக்கவில்லை. கேள்வியை ஒரே தடவை எழுதி, மாறக்கூடிய இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை விட்டுவிட்டால் என்ன? கேட்க வந்தவர் தன் சொல்லைத் திரையில் தட்டட்டும். என் புரோகிராம் அதை வாங்கிக்கொண்டு போய் அந்த ஓட்டையில் வைக்கட்டும். தேடுவது மெஷினின் பாடு. கையேட்டைப் புரட்டினால், மெஷினில் அதற்கு வழியே இருந்தது! ஓட்டை வேண்டிய இடத்தில் '&' என்ற குறியைப் போட்டு அதற்கு ஒரு பெயர் வைத்தால் போதும். அதைப் படித்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்த ஓட்டைக்குள் சொல்லைக் கொண்டுபோய் வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. சொல்லை மொட்டையாக வைத்தால் மெஷின் அதை ஏதோ கட்டளை என்று நினைத்து மிரளும். 'பயப்படாதே, இது வெறும் சொல்தான்' என்று காட்ட, இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி வேண்டும். அந்தக் குறியையும் என் புரோகிராம்தான் ஒட்டித் தர வேண்டும். குறி என்றாலே மெஷினுக்குச் 'சொல் தொடங்குகிறது, சொல் முடிகிறது' என்று பொருள். அப்படியிருக்க, குறியையே ஒரு சொல்லாக எப்படிச் சொல்வது? உள்ளே அதை இரட்டித்து எழுத வேண்டும். அதைச் சுற்றி வெளியே இன்னும் இரண்டு. ஆக, ஒரே ஒரு மேற்கோள் குறியைப் பெற நாலு மேற்கோள் குறி தட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மெஷின் என்னை விதவிதமாகத் திட்டித் தீர்த்தது. கடைசியில் ஒரு மத்தியானம், திரையில் ஒரு பிரிவின் எண்ணைத் தட்டினேன். அந்தப் பிரிவின் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். வேறு எண் தட்டினேன். வேறு ஆட்கள் வந்தார்கள்! நான் எம்பிக் குதித்த வேகத்தில் சக்கரம் வைத்த என் மேசை நாற்காலி பின்னால் ஓடிப்போய்ச் சுவரில் மோதியது.

அந்தச் சமயத்தில்தான் மெர்டேக்கா அணிவகுப்பில் எங்கள் தொழிற்சாலையும் நடக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. மேனேஜருக்கு ஓர் ஆசை. மலாய்ப் பெண்கள் பாஜு கூரோங்கிலும் சீனப் பெண்கள் சியோங்சாமிலும் இந்தியப் பெண்கள் சேலையிலும் நடக்க வேண்டுமாம். இந்தியப் பெண்களின் பெயர்களைக் கேட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. போஸ் அன்றைக்குக் கோலாலம்பூர் போயிருந்தார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் அல்லவா? "இதோ, இப்பவே எடுத்துத் தர்றேன்" என்று உட்கார்ந்தேன்.

எங்கள் நாட்டில் தமிழருடைய பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே சாய்கோடு போட்ட இரண்டு எழுத்து நிற்கும். ஆண் என்றால் ஏ/எல்; அனாக் லெலாக்கி, மகன். பெண் என்றால் ஏ/பி. அனாக் பெரும்புவான், மகள். பிறப்புப் பத்திரத்தில் தொடங்கி அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் என்று கடைசி வரைக்கும் அது கூடவே வரும். நமக்கு மூக்கு இருப்பது நமக்கே நினைவிருக்காதே, அது போல. ஆகவே இந்தியப் பெண்களைத் தேட ஏ/பி என்று கேட்டால் போதாதா? ஆளுக்கு ஒரு நீண்ட வரியாக மெஷினில் விவரம் இருந்தது. வரியில் எந்த இடத்தில் ஏ/பி இருந்தாலும் எடுத்துக் கொடு என்று ஓட்டையில் ஏ/பி-யைப் போட்டேன். பிரிண்டர் கரகரவென்று பெயர்களாகக் கொட்டியது. அலுவலகம் அந்தப் பெயர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியது: 'சேலை, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வியாழக்கிழமை வரவும்.'

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் அறைக் கதவு திறந்தது. ஸ்டோர்க்காரர் நின்றார். பிரிண்டர் தாள் கொண்டுவந்து தருகிறவர். அவருடைய மீசை தொழிற்சாலை முழுக்கப் பிரசித்தம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று கேன்டீனில் அவரைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. கையில் அந்தத் துண்டுச் சீட்டு இருந்தது.

"தங்கச்சி," என்றார் ரொம்பப் பணிவாக, "ரவிக்கைக்கு முழுக் கை வெக்கணுமா, அரைக் கை போதுமா?"

அவருக்குப் பின்னால் இன்னும் பல ஆண்கள் நின்றார்கள். ஆளுக்கொரு சீட்டு. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மறுநாள் திரும்பி வந்த போஸுக்குச் சிரிப்பே வரவில்லை.

"ஆளாளுக்கு வாய்க்கு வந்தத கேட்டா மெஷின் என்னாம்மா பண்ணும்? இதுக்குத்தான் நான் ஒவ்வொண்ணும் கையால எழுதுறேன்."

"போஸ், தப்பு புரோகிராம்ல இல்ல. டேட்டாவுல..."

"அழிச்சிரு."

தப்பு தரவில்தான் இருந்தது. ஸ்டோர்க்காரரின் வரியை நான் எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர், ஏ/எல், அவர் அப்பா பெயர், எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு கொஞ்சம் இடைவெளி. அதற்கப்புறம், வரியின் கடைசியில், சொந்தபந்தம் இல்லாமல் ஒரு ஏ/பி. சேலைச் சீட்டு வாங்கிய ஆண்கள் எல்லாருடைய வரியிலும் அப்படியே. அது ஏன் அங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய அட்டைகளைப் பார்த்துத் தட்டிய ஏதோ ஒரு ஆபீஸ் கிராணி கைதவறிப் போட்டிருப்பார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். போஸ் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அழிச்சிட்டியா?" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. புரோகிராமின் பெயரை மாற்றி, என் சொந்த இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, "ம்" என்றேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை.

மெர்டேக்காவுக்கு முதல் நாள். பண்டா ஹிலிர் திடலில் கடைசி ஒத்திகை. அணிவகுப்புக் கூட்டம் முழுவதும் காலையிலேயே பஸ் ஏறிவிட்டது. கொடி பிடிக்க போஸ் போய்விட்டார். முதலுதவிப் பெட்டியோடு மிஸ்ஸியும் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடுமுறை என்பதால் மாதக் கடைசி வேலைகள் எல்லாம் அன்றைக்கே வரிசை கட்டி நின்றன. மெஷின் நத்தையாக ஊர்ந்தது. அப்போதுதான் டெலிபோன் அடித்தது. அத்தான், ஆஸ்பத்திரியின் பொதுத் தொலைபேசியிலிருந்து.

"அக்காவுக்கு ரத்தம் போவுதும்மா. நிக்க மாட்டேங்குது. ஒடனே ஆபரேசன் பண்ணணுமாம். அவ ரத்தம் ஒரே ஒரு பைதான் இருக்காம். கோலாலம்பூர்லேருந்து வரவழைக்கிறாங்க, ஆனா நேரமாவுமாம். தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. நான் எங்கம்மா போயித் தேடுவேன்?"

மலையையே லாரியில் ஏற்றுகிற மனிதர் பிள்ளை போலத் தேம்பினார். "நீங்க அக்காவோட இருங்க அத்தான். நான் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து கொண்டு வருவேன் என்று தெரியாமல்தான் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் பொறி தட்டியது. எங்கள் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். சேரும்போதே ஒவ்வொருவரின் ரத்த வகையையும் மிஸ்ஸி சோதித்துக் குறித்துக்கொள்வார். அவருடைய அட்டைகள்தானே மெஷினுக்குள் போயின? ஆக, பதில் எனக்கு எதிரே இருந்த அந்தப் பெட்டிக்குள்தான் எங்கேயோ இருந்தது!

போஸின் முறையில் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினால் அது மாதக் கடைசி வேலைகளுக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் சொல் தப்பாகப் போனால் மறுபடியும் எழுதி, மறுபடியும் வரிசை. அதற்குள் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை. ஒளித்து வைத்த என் புரோகிராமை வெளியே எடுத்தேன். அது வரிசையில் நிற்காது. திரையிலேயே கேட்டுத் திரையிலேயே பதில் சொல்லும். 'தேட வேண்டிய சொல்?' என்று கேட்டது. 'ஓ நெகட்டிவ்' என்று முழுசாகத் தட்டினேன். எதுவும் இல்லை. 'ஓ நெக்' என்று சுருக்கினேன். எதுவும் இல்லை. 'ஓ' போட்டுக் கழித்தல் குறி போட்டேன். இல்லை. இடைவெளி விட்டுக் கழித்தல் குறி போட்டேன். இல்லை, இல்லை, இல்லை. மிஸ்ஸியின் அறைக்குப் போன் அடித்தேன். பூட்டிய அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னதான் எழுதினாரோ, எப்படித்தான் எழுதினாரோ! திரையைப் பார்த்து மெஷினைத் திட்டினேன். கண்ணீர் வந்து பச்சை எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஸ்டோர்க்காரர் வந்தார், தோளில் தாள் பெட்டியோடு.

"என்னா தங்கச்சி, இன்னிக்கி யாருக்குச் சேல?" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் சட்டையைப் பல்லால் கடித்து மேலே இழுத்தார்.

"இதுக்குப் போயி அழுவுறியா? என் ரத்தத்த எடுத்துக்க. வாட்டசாட்டமான ஒடம்பு. ஏ பாசிட்டிவ்!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ பாசிட்டிவ் வெச்சி நான் என்னாண்ணே பண்றது? எங்கக்காவுக்கு அது..."

அவருடைய மீசையைப் பார்த்தேன். ஏ பாசிட்டிவ். ஏ. பி. ஏ/பி!

அது மகளே இல்லை! ரத்தம்! பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல், ஏ/பி என்று நாள் முழுக்க எழுதிய மிஸ்ஸியின் கை, ரத்த வகை எழுதும்போதும் அதே வேகத்தில் நடுவே ஒரு சாய்கோட்டை இழுத்துவிட்டிருக்கிறது. சேலைச் சீட்டு வாங்கிய அத்தனை மீசையும் ஏ பாசிட்டிவ் மீசை!

அப்படியானால் ஓ நெகட்டிவ்? ஓ, சாய்கோடு, என். தட்டினேன். மெஷின் யோசித்தது. அது யோசித்த நேரத்தில் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். பிறகு பச்சையாக மூன்று வரிகள் வந்து நின்றன. "இருக்கு!" என்று நான் போட்ட கத்தலில் ஸ்டோர்க்காரர் பெட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

மூவரில் முதல் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டவர். இரண்டாவது, தயாரிப்புப் பிரிவில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண். அந்த நிமிடமே உள்ளே வேலை செய்துகொண்டிருந்தாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அவள் தலையில் தொப்பியோடு ஓடிவந்தாள். "ஊசின்னா எனக்குப் பயம்க்கா," என்றாள், "ஆனா வர்றேன், நீங்க கையப் பிடிச்சிக்கணும்." கம்பெனி வேனுக்குச் சொல்லிவிட்டோம்.

மூன்றாவது ஆள் போர்த்துகீசியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். இன்று அவர் எந்த ஷிஃப்ட், வீடு எங்கே என்ற விவரம் வேறொரு கோப்பில் இருந்தது. அதில் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும். பெயரைத் தட்டினேன். மெஷின் படுத்துக்கொண்டது! திரை முழுக்க ஏசல். என்னடா இது, குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை என்று பெயரை உற்றுப் பார்த்தேன். மலாக்காவின் போர்த்துகீசியர் பலருடைய பெயரிலும் 'டி'க்குப் பிறகு ஒரு சின்னக் குறி தொங்கும். அதே ஒற்றை மேற்கோள் குறி! 'டி' வந்ததும் சொல் முடிந்துவிட்டது என்று மெஷின் முடிவு கட்டிவிட்டது. மிச்சப் பெயரை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அந்த ஏசல். நாலு குறியோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டியவளுக்கு இது ஒரு விஷயமா? பெயருக்குள் இருந்த குறியை இரட்டித்துத் தட்டினேன். வந்துவிட்டது. இரவு ஷிஃப்ட், ஆகவே இப்போது வீட்டில் இருப்பார். ஊஜோங் பாசிர், வீட்டு எண்ணோடு.

"என்கிட்ட மோட்டர் சைக்கிள் இருக்கு, நான் போறேன்," என்றார் ஸ்டோர்க்காரர். கதவு வரைக்கும் நொண்டிக்கொண்டே போனவர் திரும்பினார். "சேல கட்டிட்டுப் போவவா, இப்பிடியே போவவா?"

"போங்கண்ணே!" என்று கத்தினேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

வேன் தெங்கேரா சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. சாலையின் இரண்டு பக்கமும் கொடி. பள்ளிப் பிள்ளைகள் கையில் சின்னச் சின்னக் கொடியோடு ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஊசி குத்துவதற்கு முன்னாலேயே அவளுக்கு வியர்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தோலோங், தோலோங், ஒதவி பண்ணுங்க, ரத்தம் கொண்டு போறோம்!" என்று இரண்டு மொழியிலும் கத்தினேன். ஒரு வாத்தியார் விசிலை ஊதிப் பிள்ளைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டார். வேன் போனபோது அந்தப் பிள்ளைகள் எங்களுக்கும் கொடி ஆட்டினார்கள்.

நாங்கள் போவதற்குள் அக்காவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அந்தப் பெண்ணை உடனே அழைத்துக்கொண்டார்கள். நான் சொன்னபடி கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த தேவாரம் பூராவையும் சொல்லி முடித்தாள். வெளியே வந்து அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து வந்த மிஸ்ஸி ஒருத்தி, இன்னும் ஒருவர் கிடைத்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது தாழ்வாரத்தின் கோடியில் ஒரே இறால் நாற்றம். ஸ்டோர்க்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், இடுப்பு வரைக்கும் கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு ஒரு மனிதர். சிஞ்சலோக் என்ற இறால் ஊறுகாய் போடுவதற்காகப் பொடி இறால் வாரிக்கொண்டிருந்தவரைக் கடலுக்குள் இறங்கி அப்படியே இழுத்து வந்திருக்கிறார்! அந்த மனிதர் ஈரக்கையை நீட்டிக்கொண்டு, "மானா? மானா?" என்று கேட்டார். எங்கே, எங்கே என்று அர்த்தம். எங்கே போய்க் கையை நீட்டுவது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்கவில்லை. முதலில் குளித்துவிட்டு வரச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

பிற்பகலில் கதவு திறந்தது. அக்கா பிழைத்துவிட்டாள். பிள்ளையும் பிழைத்துவிட்டது. பெண். அத்தான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் யார், எங்கே நிற்கிறேன் என்பதெல்லாம் மறந்துபோய் ஸ்டோர்க்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவரும் நொண்டிக் காலோடு குதித்தார்.

மறுநாள் அணிவகுப்பு முடிந்த கையோடு போஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தனியாக அழைத்து, மெதுவாகக் கேட்டார்.

"அழிக்கல?"

"அழிக்கல போஸ்."

அவர் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். "நல்ல வேள," என்றார். பிறகு குரலைக் கனைத்துக்கொண்டு பழைய போஸாகிவிட்டார். "திங்கக்கெழம வந்து மெனுவுல போட்டுரு. ஆனா ஏ/பி-ன்னு எவனாச்சும் கேட்டா மட்டும் எங்கிட்ட காட்டிட்டுக் கேக்கச் சொல்லு."

அவருக்குப் பின்னாலேயே எங்கள் மிஸ்ஸி வந்துவிட்டார், அணிவகுப்புச் சீருடையில், முதலுதவிப் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல். என் கன்னத்தைக் கிள்ளி, அக்காவின் நெற்றியில் கையில் வைத்திருந்த திருநீற்றைப் பூசி, கண்ணைத் துடைத்து, ஒரே நேரத்தில் எல்லாம் செய்தார். அம்மா நெகட்டிவ் என்பதால் பிள்ளையின் ரத்தத்தையும் சோதித்திருந்தார்கள். வார்டு மிஸ்ஸியிடம் அந்தக் கோப்பை வாங்கிப் பார்த்தார். பிள்ளை அத்தானைக் கொண்டிருந்தது, ஏ பாசிட்டிவ். கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, தொட்டிலில் மாட்டியிருந்த வெற்று அட்டையில் தன் வழக்கப்படி குறித்துவிட்டார். ஏ, சாய்கோடு, பி. எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

எல்லாரும் போன பிறகு அக்கா கண் விழித்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. ஆனாலும் அவள் பார்வை நேராகத் தொட்டிலுக்குத்தான் போனது. அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னாடி இது? ஏ/பி-ன்னு எழுதிருக்காங்க, முன்னால பேரே காணோம்?"

அது மகள் இல்லை அக்கா, ரத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல் அந்த எழுத்துகளுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் யோசிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னாள்.

"இது எப்பக்கா நெனச்சே?"

"மொதல் தடவையிலேருந்தே இதான்," என்றாள். "எழுது."

தொட்டில் வாங்க விடாதவள், பெயர் என்றாலே கரண்டியைத் தூக்கியவள், அத்தனை வருடமும் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் பேனாவை எடுத்து, ஏ/பி-க்கு முன்னால் இருந்த அந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதினேன். பின்னால் அத்தானின் பெயரையும் எழுதினேன். இடம் குறுகலாக இருந்ததால் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.